வாய்க்கால் அறுத்த மலை

ரியோ கிராண்டே என்றால் ஸ்பானிய மொழியில் பெரிய ஆறு. பெயரை நம்பி டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போன எனக்குக் காணக் கிடைத்ததோ, களிமண்ணைக் கரைத்த நிறத்தில் சோம்பலாக நகரும் ஒரு வாய்க்கால். அக்கரை மெக்சிகோ. கல்லை விட்டெறிந்தால் அடுத்த நாட்டில் விழும். (எறியவில்லை.)

சான்டா எலீனா பள்ளத்தாக்கு வெகு தொலைவிலேயே தெரிந்துவிடுகிறது. பாலைவனச் சமவெளி முடிகிற இடத்தில் நெடுஞ்சுவராக நிற்கும் மலை. அதில் அரிவாள் வெட்டுப் போல ஒரே ஒரு பிளவு. ஆறு அதற்குள்ளிருந்துதான் வெளியே வருகிறது. சுவரின் உயரம் சுமார் 450 மீட்டர். இந்தத் தண்ணீரா இதை அறுத்தது?

உள்ளே போகும் பாதையை டெர்லிங்குவா ஓடை மறிக்கிறது. குறுக்கே நடந்தேன்; நடுவில் சேறு என் இடது காலணியைப் பிடித்துக்கொண்டது. அதை மீட்பதற்குள் முழங்கால்வரை சேற்றுப் பூச்சு.

பிறகு படிகள் ஏறி, ஆற்றோரமாக நாணல்களுக்குள் இறங்க வேண்டும். சுவர் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. பாறையில் தொட்டுப் பார்க்கும் உயரத்திலேயே சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. பின்னாளில் நிலம் பிளந்தது. ஒரு பக்கம் உயர, மறுபக்கம் தாழ்ந்தது. மலையுச்சியில் தெரிகிற அதே பாறை அடுக்கு, நான் வண்டியை நிறுத்திய இடத்தில் மண்ணுக்கடியில் ஆழப் புதைந்திருக்கிறது.

ஆற்றின் கதை இன்னும் விநோதம். கொலராடோவில் பிறக்கும் இதன் நீரை வழியிலுள்ள அணைகளும் வயல்களும் எடுத்துக்கொள்வதால், எல் பாசோ நகரைத் தாண்டினால் மிஞ்சுவது சொற்பம். மெக்சிகோவிலிருந்து வரும் கொன்ச்சோஸ் ஆறு கலந்த பிறகுதான் மறுபடி உயிர் வருகிறது. நான் பார்த்ததில் பெரும்பகுதி கொன்ச்சோஸின் தண்ணீர். பெயர் மட்டும் பெரிய ஆற்றுடையது.

பாதை முடிகிற இடத்தில் இரு சுவர்களும் நேரே ஆற்றுக்குள் இறங்குகின்றன. எங்கோ மேலே ஒரு குருவி, படியிறங்குவதுபோல் சுரம் சுரமாகத் தாழ்ந்து பாடியது. அதன் பாட்டைத் திருப்பிச் சொன்னது எதிர்ச்சுவர்.

திரும்பி வந்து காலில் காய்ந்திருந்த சேற்றை உதிர்த்தேன். விரலிடையே நெருடியது, உப்புத்தாள் மாதிரியான பொடிமணல். வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு இதைத்தான் பாறைமேல் தேய்த்துக்கொண்டு போகிறது.