‘சொல்லிடுவாங்க’

2017 நவம்பர் 29 மாலை அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டது ஒரே வரிதான். “போவாதீங்கன்னு போட்டிருக்கே சாரே, போனவங்களுக்கு என்ன போட்டிருக்கு?”

மீனவர் எச்சரிக்கையைக் கடலோர ஊர்களுக்குச் சேர்ப்பது என் வேலை. கையிலிருந்த தாளில் காற்றின் வேகமும், கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற வழக்கமான வாக்கியமும் இருந்தன. பங்குத்தந்தையரை அழைத்துச் சொன்னால் கோயில் ஒலிபெருக்கியில் வாசித்துவிடுவார்கள். வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டிருப்பவருக்கு அது போதும். குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து விசைப்படகுகளோ சுறாவுக்கும் சூரைக்கும் தங்கலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. அவருடைய கணவர் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

“வயர்லெஸ்ல சொல்லிடுவாங்கம்மா, பயப்படாதீங்க” என்றேன். படகிலுள்ள அந்தக் கருவி சில பத்துக் கடல் மைல்களுக்கு மேல் எட்டாது என்பது எனக்குத் தெரியும். அநேகமாக அவருக்கும் தெரிந்திருக்கும். பொய் சொன்னதைவிட, ‘சொல்லிடுவோம்’ என்று வராமல் ‘சொல்லிடுவாங்க’ என்று என் வாயில் வந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. எச்சரிக்கையை அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வேறு யாரையோ கைகாட்டியிருக்கிறேன்.

நான் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலை அது வெறும் தாழ்வு மண்டலம். ஒக்கி என்ற பெயரும் புயல் என்ற சொல்லும் மறுநாள் காலைதான் வந்தன. அந்த மறுநாளே மாவட்டமெங்கும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராத நாட்டில், நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளி நிற்கும் படகை ஓர் எழுத்தர் எப்படி எட்டுவார்? இந்த வாதத்தில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தத் தாள் கைக்கு வந்ததும், எந்தப் பங்குத்தந்தைக்கும் பேசுவதற்கு முன்னால், என் தங்கையின் கணவரை அழைத்து “நாளைக்கு எறங்காதே மச்சான்” என்று நான் சொல்லியிருந்தேன். ஐந்து நிமிடம் முந்தியதால் யாருக்கும் கேடில்லை என்பது உண்மைதான். இருந்தும், ஒரே தாளை வைத்துக்கொண்டு அவரிடம் பேசியபோது என் குரலில் இருந்த பதற்றம், அந்தப் பெண்ணிடம் பேசும்போது ஏன் இல்லாமல் போயிற்று?

படகின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிய படகுகளின் பட்டியல் வந்தபோது தேடிப் பார்த்திருக்கலாம். டிசம்பர் 7 அன்று, காணாமல் போனவர்களைத் தேடித் தரக் கேட்டு, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தை நிறைத்து உட்கார்ந்திருந்த கூட்டத்தின் ஓரத்தில் சிறிது நேரம் நின்றேன். எனக்குத் தெரிந்தது குரல் மட்டுமே. அங்கே எல்லாக் குரலும் ஒன்றுபோலவே இருந்தது.

2019இல், கடல் நிலவரத்தைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, நடுக்கடலில் இருப்பவரின் கைபேசிக்கு அது தந்துவிடும். ஆனால் கேட்டோம் என்று பதில் சொல்ல அதில் வழியில்லை. அதனால் அனுப்பியாயிற்று என்பது மட்டும் இங்கே தெரியும்.

சென்ற ஆண்டு வேறோர் ஊரிலிருந்து ஒரு பெண் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை படகின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துவிட்டு, “சொல்லிடுவாங்கம்மா” என்றேன்.