25 கிராம் அடுப்பும் பார்சல் டப்பாவும்

நேத்து சாயங்காலம் மொட்டை மாடியில, டேபிள் ஃபேன் முகத்துக்கு நேரா ஓட, மலையேத்தத்துக்குக் கொண்டுபோற குட்டி கேஸ் அடுப்புல அரை லிட்டர் தண்ணி அஞ்சரை நிமிஷத்துல தளதளன்னு கொதிச்சது. இதுக்காக ரெண்டு மாசம் மல்லுக்கட்டியிருக்கேன்.

போன செப்டம்பர்ல, மணாலி பக்கத்துல இருக்கிற ஹம்ப்டா பாஸ் கணவாய்க்கு மலையேத்தம். வழியில கூடாரம் போடுற பாலு கா கேராவுல விடியக்காலையில டீ வைக்க முடியல. 25 கிராம் எடையுள்ள பர்னர், அதோட சேர அடாப்டர் போட்ட நீள பியூட்டேன் கேஸ் கேன். நீலமா எழும்பின சுடர் கொஞ்ச நேரத்துல விளக்குத்திரி அளவுக்குச் சுருங்கிருச்சு. பழியை மொத்தமா குளிர் மேல போட்டேன். பியூட்டேன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, எரிய எரிய கேனும் தானா குளிரும். ஆனா 3,600 மீட்டருக்கு மேல காத்தழுத்தம் கம்மி. அங்க பியூட்டேன் இன்னும் கீழ் வெப்பத்துலயும் ஆவியாகும். அப்ப குளிர் மட்டும் காரணமா இருக்க முடியாதே?

குளிரையும் காத்தையும் தனித்தனியா பிரிச்சுச் சோதிச்சேன். ஐஸ் தண்ணிக் கிண்ணத்துல கேனை வெச்சா சுடர் அடங்குது, குழாய்த் தண்ணிக்கு மாத்தினா எழும்புது. ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த 230 கிராம் உருண்டை கேன் ஐஸ்லயும் எரியுது. குளிர் விஷயம் அதோட முடிஞ்சது.

அடுத்தது காத்து. ஃபேன் இல்லாம 4 நிமிஷம், சமையல் தராசுல 7 கிராம் கேஸ். ஃபேனை ஒண்ணாம் வேகத்துல வெச்சா 11 நிமிஷம் ஆகியும் கொதி வரல, 18 கிராம் காலி! இத்தனை சின்ன பர்னர் தலைக்கு மறைப்பு இல்லாம கதியில்லை.

பார்சல் வாங்கின அலுமினிய டப்பாவை வெட்டி மறைப்பு செஞ்சேன். முதல்ல சுத்தி முழுசா மூடினேன். சுடர் மஞ்சளாச்சு, கேன் தோள்பட்டை கை வைக்க முடியாத சூடு. உடனே அணைச்சுட்டேன். கேன் சுடுறதுல யாரும் விளையாடாதீங்க. இப்ப மறைப்பு கேன்மேல உட்காரல. பர்னர் கழுத்துல செருகின தட்டுல நிக்குது. மூணு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறப்பு, மேல் விளிம்பு பாத்திர அடியை விட ஒரு விரக்கடை உசரம். அந்த ஒரு விரக்கடைக்காக நாலு டப்பா வீணாச்சு. அரை விரக்கடை குறைஞ்சா காத்து உள்ள புகுந்துருது, கூடினா சுடர் திணறுது. அணைச்சதும் கேனைத் தொட்டா வெதுவெதுப்புதான். ஃபேன் ஓடியும் 9 கிராம் கேஸ்தான் ஆச்சு.

2018 குரங்கணித் தீக்கு அப்புறம் நம்ம காட்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்கிற நினைப்பே கூடாது. அதனால சோதனையெல்லாம் மாடியிலதான். கேனை விமானத்துல, ரயில்ல கொண்டுபோக முடியாது, மணாலியில வாங்கிக்கணும்.

பாத்திரம், கடைத்தெருவுல எடை போட்டு வாங்கின அலுமினியத் தூக்கு. டைட்டானியம் பாத்திரம் ஒண்ணு விலைக்கு இதுல பத்து வாங்கலாம். மூடிக்கு மரக்குமிழ் ஒண்ணு கடையக் கொடுத்திருக்கேன். அது வந்ததும் ஃபேனை ரெண்டுல வெச்சுப் பார்க்கணும்.