பட்டாவுக்கு வெளியே உள்ள சேறு

கொலம்பியாவின் காலி (Cali) நகரில் 2024 அக்டோபரில் கூடிய பல்லுயிர் மாநாட்டுக்கான அறிக்கையில் ஒரு வரைபடம் என் பொறுப்பில் இருந்தது. அந்நாட்டின் பசிபிக் கரையிலுள்ள ஒரு கறுப்பினச் சமூக மன்றத்தின் கூட்டு நிலத்தை, பட்டாவில் கண்ட எல்லைப்படியே பச்சைக் கோட்டால் வரைந்து அனுப்பியிருந்தேன். காணொளி அழைப்பில் அதைப் பார்த்த மன்றத்து அம்மையார் ஒருவர், சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “நாங்கள் பியாங்குவாச் சிப்பி எடுக்கும் சேறு எங்கே?” என்று கேட்டார்.

“அது பட்டாவுக்குள் வரவில்லை, அம்மா” என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையசைத்துவிட்டார். அவருக்குத் தெரியாத செய்தியா அது?

1959 முதல் அரசின் காப்புக்காடாகவும், உரிமையாளரற்ற தரிசாகவும் ஏட்டில் கிடந்த ஆற்றங்கரை நிலங்களை, அங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் கூட்டு உடைமையாக்க வழிசெய்தது 1993ஆம் ஆண்டின் 70ஆம் சட்டம். விற்கவோ அடகு வைக்கவோ முடியாத அத்தகைய பட்டாக்களின் பரப்பு இன்று 50 இலட்சம் ஹெக்டேருக்கும் மேல். ஆனால் பொதுப் பயன்பாட்டுச் சொத்துகளை அதே சட்டம் விலக்கியது. அலை ஏறி இறங்கும் சேற்றுநிலம் அவற்றில் ஒன்று. ஆகவே என் கோடு சட்டப்படி சரியானதே. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனினும் அந்த அறிக்கை பேசியது காட்டைக் காப்பவர்களைப் பற்றி. நீர் வற்றும் வேளையில், கொசுவை விரட்டத் தேங்காய் நார்ப் புகையை அருகில் வைத்துக்கொண்டு, அலையாத்தி வேர்களுக்கிடையே முழங்கை வரை கைவிட்டுச் சிப்பி தேடி, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் திரும்பச் சேற்றிலேயே விடுகிற பெண்கள் அதில் இடம்பெறவில்லை.

புள்ளிக்கோடாகவாவது காட்டலாமே என்று அவர் கேட்டார். சட்டத்தில் நிற்காத கோடு, நிற்கிற கோட்டையும் ஐயத்துக்குள்ளாக்கும் என்று மறுத்தேன். சிப்பிப் படுகைகளை அச்சிட்டால் வெளியாட்களுக்கு வழிகாட்டியதாகும் என்ற காரணம் பிறகே தோன்றியது. அது நியாயமான காரணம்தான். ஆனால் இத்தனை வசதியாகப் பின்னால் வந்து சேர்ந்ததால், அதை நான் முழுமையாக நம்புவதில்லை.

பல்லுயிர்ப் பாதுகாப்பில் ஆப்பிரிக்க வழித்தோன்றல் சமூகங்களின் பங்கை அந்த மாநாடு எழுத்தில் ஏற்றுக்கொண்டபோது, என் வரைபடம் அச்சாகிவிட்டிருந்தது. அழைப்பு முடிந்த இரவே நான் அந்தப் புள்ளிக்கோட்டை வரைந்திருந்தேன். கணினியில் அது இன்னும் மறைத்துவைத்த அடுக்காகவே கிடக்கிறது. அவருடைய விரல் காட்டாமல், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நானே ஊகித்த கோடு என்பதால், அனுப்பாததும் சரியென்றே சில நாட்களில் படுகிறது.