போஸ்ட்ஃபிக்ஸை எல்டாப்போடு இணைத்த அனுபவம்

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவர் பெயரை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். முதலில் ஓப்பன்எல்டாப் டைரக்டரியில், அதாவது எல்டாப் என்ற முறையில் தேடக்கூடிய ஆள் விவரப் பட்டியலில், ஒரு பதிவு. அப்புறம் மெயில் சர்வரில், மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் முகவரி ஃபைலைத் திறந்து கையால் ஒரு வரி சேர்த்து, அதைத் தேடும் டேபிளாக மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும். இந்த இரண்டாவது வேலையில் நான் விட்ட ஓர் எழுத்தால் புதிய ஆசிரியை ஒருவருக்கு இரண்டு வாரம் மெயிலே போகவில்லை. அவருக்கு எழுதியவர்களுக்கெல்லாம் ‘அப்படி ஒரு ஆள் இல்லை’ என்று பதில் போயிருக்கிறது. அன்றைக்கே முடிவு செய்தேன்: இனி போஸ்ட்ஃபிக்ஸ் நேராக டைரக்டரியையே கேட்கட்டும்.

தொடக்கம் சுலபம். டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸுக்கான எல்டாப் ஆதரவு தனி பேக்கேஜ். அதைப் போட்டபின் போஸ்ட்கான்ஃப் கட்டளை காட்டும் டேபிள் வகைகளில் எல்டாப்பும் வந்துவிட்டது. ஒரு சின்ன ஃபைல் எழுதினேன். எந்த சர்வர், மரத்தின் எந்தக் கிளையிலிருந்து தேட வேண்டும், எந்த ஃபில்டரால் தேட வேண்டும், கிடைத்த பதிவிலிருந்து எந்த ஆட்ரிபியூட்டை (விவரத்தை) எடுக்க வேண்டும், எந்தக் கணக்கில் பைண்ட் ஆக (உள்நுழைய) வேண்டும், அவ்வளவுதான். உள்ளே பாஸ்வேர்ட் இருப்பதால் ரூட் மட்டும் படிக்கும்படி 600 பெர்மிஷன் கொடுத்தேன். இணைப்பு 389 போர்ட்டில், அதை மறைகுறியாக்கும் ஸ்டார்ட் டிஎல்எஸ்ஸோடு.

மெயின் கான்ஃபிகரேஷனில் கை வைக்கும் முன் செய்த ஒரு காரியத்துக்காக இன்றும் நிம்மதிப்படுகிறேன்: சாஃப்ட் பவுன்ஸ் என்ற அமைப்பை ‘யெஸ்’ என்று மாற்றியது. அது இருக்கும்வரை போஸ்ட்ஃபிக்ஸ் எதையும் 550 சொல்லி ஒரேயடியாகத் திருப்பி அனுப்பாது. 450 என்று சொல்லி, ‘கொஞ்ச நேரம் கழித்து வா’ என்னும். அனுப்பிய சர்வரும் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். டைரக்டரி எட்டவில்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே 451தான் சொல்லும், அதுவும் தற்காலிக மறுப்புதான். ஆனால் ஃபில்டரைத் தப்பாக எழுதியிருந்தால் இருக்கிற ஆளையே இல்லை என்று சொல்லிவிடும். எனக்குப் பயம் அதில்தான்.

போஸ்ட்மேப்பின் கேள்வி வசதியை வைத்து என் முகவரியைக் கேட்டுப் பார்த்தேன். உடனே சரியான பதில். பத்துப் பதினைந்து பேரைக் கேட்டேன், எல்லாம் சரி. மெயின் கான்ஃபிகரேஷனில் இந்த டேபிளைச் சேர்த்து, ரீலோட் செய்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தேர்வுப் பிரிவிலிருந்து போன்: “தம்பி, கொஞ்ச நேரமா வெளி மெயில் ஒண்ணுகூட வரலையே?”

லாகில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் டிஎல்எஸ் அமைக்க முடியவில்லை, மைனஸ் 11, கனெக்ட் எரர். கட்டளையாக ஓட்டினால் வேலை செய்வது, மெயில் வரும்போது மட்டும் ஏன் செய்யவில்லை? சான்றிதழை மாற்றினேன், சர்வர் பெயரைச் சரிபார்த்தேன், டைரக்டரியை ரீஸ்டார்ட் செய்தேன். மாலை, போஸ்ட்ஃபிக்ஸின் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் மாஸ்டர் ஃபைலைத் திறந்து எஸ்எம்டிபிடி வரியைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சீரூட் என்ற கட்டத்தில் ‘ஒய்’ என்று இருந்தது. அதாவது வாசலில் மெயிலை வாங்கும் அந்த ப்ராசஸ் மெயில் வரிசை இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் ஃபோல்டருக்குள்ளேயே அடைபட்டு ஓடுகிறது. டைரக்டரி சர்வரைச் சரிபார்க்கத் தேவையான எங்கள் சிஏ சான்றிதழ் இருக்கும் இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது. நான் போஸ்ட்மேப்பை ஓட்டியதோ ரூட்டாக, வெளியில் நின்றுகொண்டு.

சான்றிதழை உள்ளே நகல் எடுத்து வைக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். டேபிள் பெயருக்கு முன்னால் ‘ப்ராக்ஸி’ என்று சேர்த்தேன். இனி தேடலை ப்ராக்ஸிமேப் என்ற தனி ப்ராசஸ் செய்து கொடுக்கும். அது சீரூட்டுக்கு வெளியே ஓடுவது. இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு எஸ்எம்டிபிடியும் டைரக்டரிக்குத் தனித்தனி இணைப்பு போடாமல், இருக்கிற சில இணைப்புகளையே எல்லாம் பங்கிட்டுக்கொள்ளும்.

ரீலோட் செய்தேன். மறுபடி 451! இந்த முறை லாகில் பெர்மிஷன் டினைட். ப்ராக்ஸிமேப் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் யூசராக. நான் கொடுத்த 600 அதைத் தடுத்துவிட்டது. குரூப்பை போஸ்ட்ஃபிக்ஸ் என்று மாற்றி, குரூப்பும் படிக்கும்படி 640 ஆக்கினேன். ஒரு நிமிடத்தில் என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பிய சோதனை மெயில் உள்ளே வந்து விழுந்தது. அடுத்த சில மணி நேரத்தில் வெளியே காத்திருந்த மற்ற மெயில்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

மறுநாள் டைரக்டரியின் லாகைப் பார்த்தால் ஒரு மெயிலுக்குப் பல தேடல்கள். மாற்று முகவரி டேபிளில் போஸ்ட்ஃபிக்ஸ் முழு முகவரியைக் கேட்கும், சிலசமயம் பெயரை மட்டும் கேட்கும், அப்புறம் டொமைனை மட்டும் கேட்கும். டேபிள் ஃபைலில் டொமைன் என்ற வரியில் எங்கள் டொமைனைக் குறித்ததும் வீண் கேள்விகள் நின்றன. ‘மெயில் ஆட்ரிபியூட்டுக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) இல்லை’ என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருந்தது, அதையும் போட்டேன்.

ஒரு வாரம் லாகை விடாமல் பார்த்தேன். தப்பாக மறுக்கப்பட்ட முகவரி ஒன்றுகூட இல்லை என்று உறுதியான பிறகுதான் சாஃப்ட் பவுன்ஸை எடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தில் புதிய ஆய்வு மாணவி ஒருவரை டைரக்டரியில் சேர்த்தார்கள். மெயில் சர்வரை நான் தொடவில்லை. அவருக்கான முதல் மெயில் அன்று மதியமே போய்ச் சேர்ந்தது.