காந்திபுரத்துக் குடைகள்

போன மாதம் அம்மாவின் போனுக்கு இன்கமிங் நின்றுவிட்டது. ரீசார்ஜ் முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்றுகொண்டு "ஓடிபி சொல்லுங்கம்மா" என்கிறார், அம்மா போனைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார், மெசேஜ் வந்தால்தானே. "பக்கத்துத் தெருவுக்குப் போட்டுட்டு வர்றனுங்க, அதுக்குள்ள ரீசார்ஜ் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நல்ல மனுஷன், திரும்பி வந்தார்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். யாருடைய சிம்மாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், என் எரிச்சலே அதுதான். அம்மா பேசுவது மொத்தம் நாலு பேரிடம்: என் அக்கா, சித்தி, பால்காரர், நான். நெட் பயன்படுத்துவதில்லை, பட்டன் போன். ஆனால் பேங்க், கேஸ், ஆதார் எல்லாம் அந்த நம்பரில் இருப்பதால் சிம்மைத் தூக்கிப் போடவும் முடியாது. "நாலு பேர்கிட்டப் பேசறதுக்கு எதுக்குடா இவ்வளவு?" என்று கேட்டார். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2010 வாக்கில் கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர்களுக்கு அந்தக் குடைகள் ஞாபகம் இருக்கும். பெரிய கலர் குடை, அதன் கீழே ஒரு மடக்கு மேஜை, ஒரு பையன், சிம் கார்டுக் கட்டு. ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சும்மா எண்ணிப் பார்த்தேன், ஏழு குடை இருந்தது. ஒருத்தன் சிம் இலவசம் என்பான், அடுத்தவன் சிம்மும் இலவசம், மேலே டாக்டைமும் உண்டு என்பான், மூன்றாமவன் "அண்ணா, இங்க வாங்கண்ணா" என்று கையைப் பிடித்தே இழுப்பான். ஏர்டெல், ஏர்செல், வோடபோன், பிஎஸ்என்எல், ரிலையன்ஸ், டாடா டோகோமோ, ஐடியா, எம்டிஎஸ், யூனினார், வீடியோகான் என்று அப்போது தமிழ்நாட்டில் சொல்லிக்கொண்டே போகலாம். பாதிப் பேருக்கு டவர் எங்கே இருந்தது என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வர ஒருவர் மொட்டை மாடி ஏற வேண்டியிருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

அப்போதெல்லாம் நம்பரைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடலாம். 98420 என்றால் ஏர்செல், 98430 என்றால் பிபிஎல். சென்னைக்காரர் 98400 என்றால் ஏர்டெல், 98410 என்றால் ஏர்செல். அப்பாவிடம் இருந்தது 98430. அவர் சிம்மை மாற்றவே இல்லை, ஆனால் போனின் மேல் ஓரத்தில் வரும் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. பிபிஎல் என்று இருந்தது ஹட்ச் ஆனது, 2007இல் வோடபோன் ஆனது, வோடபோனும் ஐடியாவும் சேர்ந்த பிறகு 2020 செப்டம்பரில் 'வி' ஆனது. அப்பா ஒரு தடவைகூட எதிலும் கையெழுத்துப் போடவில்லை. "என்னை எத்தனை பேருக்குத்தான்டா விப்பாங்க" என்று சிரிப்பார்.

கம்பெனிகள் இணைவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி, இணைந்த பிறகு விலை ஏறுமா என்பது. மறுநாள் காலையில் ஏறாது. ஏறினால் ஊரே கத்தும், அவர்களுக்கும் அது தெரியும். இந்தியாவில் செல்போன் விலை எப்போதெல்லாம் இறங்கியது என்று பின்னால் போய்ப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. 1995இல் செல்போன் வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல், இன்கமிங்குக்கும் நாமே காசு கட்ட வேண்டும். 2002இல் பிஎஸ்என்எல் செல்போனில் இறங்கியது, ரிலையன்ஸ் அடுத்த வருடம் 501 ரூபாய்க்குப் போனையே கையில் கொடுத்தது, 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது. 2009இல் டாடா டோகோமோ வந்து நொடிக்கு ஒரு பைசா என்றது, அதுவரை 31 நொடி பேசினாலும் ஒரு நிமிடக் காசு பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அலறியடித்துக்கொண்டு அதையே கொண்டுவந்தார்கள். 2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்தது, அதன் கதையைச் சொல்லவே வேண்டாம், ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் கொடுத்து அதையும் ஒரு மாதம் வைத்து வைத்துப் பயன்படுத்தியவர்கள் நாம்.

ஏற்கெனவே கடை வைத்திருந்தவர் மனமிரங்கி விலையைக் குறைத்ததாக இதில் ஓரிடமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவன் குடையை விரித்தான், மற்றவர்கள் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார்கள்.

அப்புறம் குடைகள் மடங்க ஆரம்பித்தன. 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 2ஜி வழக்கில் 122 லைசென்ஸ்களை ரத்து செய்ததில் சிலர் போனார்கள். மீதிப் பேரை ஜியோ வந்த பிறகு நடந்த விலைச் சண்டை சாப்பிட்டது. எம்டிஎஸ் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுக்குள் போனது, கொஞ்ச நாளில் அந்த ரிலையன்ஸே படுத்துவிட்டது. டெலினார் (நம் யூனினார்தான்) 2018இல் ஏர்டெலுக்குள், டாடா டோகோமோ 2019இல் ஏர்டெலுக்குள். வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31 அன்று ஒன்றாயின.

ஏர்செல் கதை மட்டும் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் பிறந்த கம்பெனி, சிவசங்கரன் ஆரம்பித்து பிறகு மலேசியாவின் மேக்சிஸ் வாங்கியது, சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் வருடக்கணக்கில் அதன் பெயர்தான் இருந்தது. 2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஏர்செலும் இணைவதாக அறிவித்தார்கள். ஒரு வருடம் கேஸ், கடன்காரர்களின் ஆட்சேபம் என்று இழுத்து, 2017 அக்டோபர் 1 அன்று இணைப்பு இல்லை என்று கைவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் விழுந்தது. டவர் கம்பெனிக்குப் பணம் பாக்கி. ஷோரூம் வாசல்களில் கூட்டம், நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போர்ட் பண்ணுவதற்கான கோடு கேட்டு மெசேஜ் அனுப்பினால் அந்த மெசேஜ் போவதற்கே சிக்னல் இல்லை. மாத முடிவில் கம்பெனி திவால் மனு போட்டது. இணைப்பு நடந்தால்தான் ஒரு குடை மடங்கும் என்றில்லை, நடக்காமல் போனாலும் மடங்கும் என்று அப்போது பார்த்தோம்.

இதனால்தான் 'இணைப்பு என்றாலே சதி' என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. வோடபோனும் ஐடியாவும் நாட்டையே வளைத்துப்போடச் சேரவில்லை, மூழ்காமல் இருக்கச் சேர்ந்தன. சேர்ந்த அன்று அவர்களிடம் 40 கோடி வாடிக்கையாளர்களுக்கு மேல், நாட்டிலேயே பெரிய கம்பெனி. இன்று அதில் ஏறக்குறைய பாதிதான். 2019 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் ஏஜிஆர் தீர்ப்பு (எந்த வருமானத்தை வைத்து அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது பற்றியது) வேறு வந்து பழைய பாக்கியை மலையாக ஏற்றிவிட்டது. ஐந்து பைசாவுக்கும் பத்து பைசாவுக்கும் சண்டை போட்டுக்கொண்டு பத்துப் பேரும் என்றைக்கும் பிழைத்திருக்க முடியாது. ஏழு குடைக்கு ஏழு டவர் என்பதும் வீண் செலவுதான். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பத்துப் பேர், அரசின் பிஎஸ்என்எல்லைத் தவிர்த்தால், மூன்றான பிறகு என்ன ஆனது என்று தேதி போட்டே பார்க்கலாம்.

2019 டிசம்பர் 3: ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் விலையை ஏற்றின. டிசம்பர் 6: ஜியோ. 2021 நவம்பர் 22 அன்று ஏர்டெல் அறிவித்தது, மறுநாள் வி, அந்த வாரம் முடிவதற்குள் ஜியோ. 2024 ஜூன் 27 ஜியோ, 28 ஏர்டெல், அதே நாளில் வி. யாரும் ரகசியமாகக் கூடிப் பேசியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தெருவில் மூன்று டீக்கடைதான் என்றால் ஒருவன் போர்டில் விலையை மாற்றி எழுதியதும் மற்ற இருவரும் எட்டிப் பார்த்தாலே போதும். ஏழு கடை இருந்தால் ஒருவனாவது பழைய விலையிலேயே விற்றுக் கூட்டம் சேர்க்கலாமே என்று நினைப்பான். நமக்குத் தேவையானது அந்த ஒருவன்தான்.

அம்மாவின் கணக்குக்கு வருகிறேன். 2005 முடிவில் 'லைஃப் டைம்' என்று 999 ரூபாய்க்கு விற்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் இன்கமிங். 2018 கடைசியில்தான், கம்பெனிகள் குறைந்த பிறகு, மாதாமாதம் போடாவிட்டால் இன்கமிங் இல்லை என்ற வழக்கம் 35 ரூபாயில் ஆரம்பித்தது. ஏர்டெலின் குறைந்தபட்சத் திட்டத்தையே எடுத்துக்கொண்டால், 2021 நவம்பரில் அது 79இலிருந்து 99 ஆனது, 2024 ஜூலையில் 28 நாளுக்கு 199. மற்ற இருவரின் விலையும் அதை ஒட்டித்தான். அந்த 28 நாள் இருக்கிறதே, அதில் வருடத்துக்கு 13 மாதம்.

மேலே இருப்பவர்களைவிட அடியில் இருப்பவர்களுக்குத்தான் அடி அதிகம். தினமும் இரண்டு ஜிபி ரீல்ஸ் பார்க்கிற எனக்கு இன்றும் உலகக் கணக்கில் இது மலிவு, நான் வாய் திறந்து புலம்பவே கூடாது. ஒரு எம்பிகூடத் தொடாத அம்மா, சிம் உயிரோடு இருப்பதற்காக மட்டும், தனக்கு வேண்டாத டேட்டாவையும் சேர்த்து வாங்குகிறார். ஏர்டெலுக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் கிடைக்கும் சராசரி 2018 இறுதியில் 104 ரூபாய், 2025 மார்ச்சில் 245. சராசரியை 300க்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தனியாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டதும் கொண்டுவந்தார்கள், ஜியோவும் ஏர்டெலும் 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி. டேட்டாவை எடுத்துவிட்டார்கள், விலை கொஞ்சம்தான் குறைந்தது. இந்தத் திட்டமும் ஆப்பில் கீழே கீழே தள்ளினால்தான் கண்ணில் படும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ரோமிங் போன்ற சிலவற்றைத் தவிர, செல்போன் கட்டணத்துக்கு இந்தியாவில் உச்சவரம்பு கிடையாது. கம்பெனி விருப்பப்படி வைத்துவிட்டு டிராயிடம் தெரிவித்தால் போதும், போட்டி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதன் அடிப்படை. புதிதாக ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது எடுத்த முடிவு அது. கம்பெனிகள் இணைவதற்கான 2014 விதிகளிலும் ஒரு வட்டாரத்தில் 50 சதவீதத்துக்கு மேல் சந்தையைப் பிடித்துவிடக் கூடாது, அலைவரிசையை இவ்வளவுக்கு மேல் குவித்துவிடக் கூடாது என்றுதான் பார்க்கிறார்கள். பிரிட்டனில் வோடபோனும் த்ரீ என்ற கம்பெனியும் 2025 மே மாதம் இணைந்தபோது, 1100 கோடி பவுண்டு செலவழித்து நெட்வொர்க்கை மேம்படுத்து, முதல் மூன்று வருடத்துக்குச் சில திட்டங்களின் விலையை ஏற்றாதே என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அந்த நிபந்தனை எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பது போகப்போகத்தான் தெரியும், இருந்தாலும் கேட்டாவது பார்த்தார்கள்.

இங்கே அரசாங்கத்தின் நிலைமையே விசித்திரம். அலைவரிசையை ஏலம் விடுவது அரசு, பிஎஸ்என்எல்லின் முதலாளி அரசு, கடனைப் பங்காக மாற்றியதில் 2025 ஏப்ரலிலிருந்து வோடபோன் ஐடியாவில் ஏறக்குறைய 49 சதவீதமும் அரசு. விலை ஏறினால் வி தரவேண்டிய பாக்கி வசூலாகும், குறைந்தால் ஆகாது. இந்த நிலையில் இருப்பவர் நம் பக்கம் நின்று பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சரி, பிடிக்காவிட்டால் போர்ட் பண்ணு என்பார்கள். 2011 ஜனவரியில் நாடு முழுக்க அந்த வசதி வந்தபோது கம்பெனிக்காரர்கள் நிஜமாகவே பயந்தார்கள், போர்ட் மெசேஜ் போட்ட அரை மணி நேரத்தில் "ஏன் சார் போறீங்க" என்று கொஞ்சிக்கொண்டு போன் வரும். இப்போது எங்கே போவது? 2024 ஜூலை விலையேற்றத்தில் கோபப்பட்டவர்கள் பிஎஸ்என்எல்லுக்குப் போனார்கள், அந்த ஒரு மாதத்தில் மட்டும் அதற்குக் கிட்டத்தட்ட 29 லட்சம் பேர் கூடினார்கள். 4ஜி சரியாகக் கிடைக்காததில் சில மாதங்களிலேயே அந்த அலை அடங்கிவிட்டது. புதிதாக யாராவது வருவார்களா என்றால், 2022 ஏலத்தில் அதானி 212 கோடிக்குக் கொஞ்சம் அலைவரிசை வாங்கியபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். 2025இல் அது ஏர்டெலுக்கே போய்விட்டது.

சிலிண்டர் விவகாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரே ஒரு குடைதான் இருந்தது. குடையில் ஒரு கம்பெனியின் பெயர், மேஜையில் இரண்டு கம்பெனிகளின் சிம். அம்மாவின் கதையைச் சொல்லி, எதற்கு மாறினால் குறையும் என்று கேட்டேன்.

அந்தப் பையன் இரண்டு சிம்மையும் எடுத்து என் முன்னால் வைத்தான். "ரெண்டும் ஒரே ரேட்டுதானுங்கண்ணா. உங்க வீட்டுக்குள்ள எது டவர் எடுக்குதோ அதை எடுத்துக்கங்க."

நான் பழைய நம்பருக்கே 84 நாள் போட்டுவிட்டு வந்தேன். காலண்டரில் எழுதி வை என்று அம்மா சொன்னார், சிலிண்டர் புக் பண்ணிய தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.