நாப்பது கிராமுக்கு எத்தன வாய்தா?

போன செவ்வாக்கெழம பாலக்கோட்டுல சித்தி வீட்டுக்கு போயிருந்தேன். தக்காளி மண்டில தரம் பிரிக்கிற வேலைய முடிச்சிட்டு அப்பதான் வந்திருந்தாங்க, வந்தவங்க கையக்கூட சரியா கழுவாம டிரங்கு பொட்டிய தெறந்து, ரேஷன் கார்டு பாஸ்புக்கோட சேத்து கவர்ல சுத்தி வெச்சிருந்த கோர்ட் பேப்பர எடுத்து நீட்டுனாங்க. "இதுல என்னதான் கண்ணு போட்டிருக்கு, வக்கீலு வெளங்குற மாதிரி ஒண்ணும் சொல்லல". அவங்க வெரல் பட்ட எடமெல்லாம் தக்காளி கறை.

கேஸ் சித்தி பையன் மேல, எனக்கு தம்பி. ஐடிஐ முடிச்சு ஓசூர்ல ஒரு கம்பெனில ட்ரெயினியா சேந்த அஞ்சாவது மாசம், நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு போறப்ப பாக்கெட்ல கஞ்சா பொட்டலத்தோட மாட்டினான். நாப்பது கிராம். யார்கிட்டயும் விக்கல, யாரையும் அடிக்கல. ரெண்டரை வருஷமா வாய்தாவுக்கு அலையுறான், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, கம்பெனி வேலையும் மாட்டுன அன்னிக்கே போச்சு, இப்ப எங்க போனாலும் போலீஸ் வெரிஃபிகேஷன்னு சொன்னதுமே திரும்பி வந்துடுறான்.

1985ல வந்த போதைப்பொருள் தடுப்பு சட்டத்துல, அதாவது என்டிபிஎஸ் சட்டத்துல, ஒரு கிலோ வரைக்கும் கஞ்சா சின்ன அளவு, ஒரு வருஷம் வரை ஜெயில் இல்லன்னா பத்தாயிரம் வரை அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். இருபது கிலோவுக்கு மேல போனா குறைஞ்சது பத்து வருஷம். ஆந்திரா ஒடிசா மலைப்பக்கத்துலருந்து மூட்டை மூட்டையா ஏத்தி நம்ம கிருஷ்ணகிரி வழியா ஹைவேல கடத்துறாங்களே, அவங்கள புடிக்கட்டும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா ஊர்ல அந்த இருபது கிலோகாரனுக்கும் இந்த நாப்பது கிராம் பையனுக்கும் ஒரே பேருதான், கஞ்சா கேஸு. பொண்ணு குடுக்குறவங்க கிராம் கணக்கா கேக்குறாங்க?

இன்னொண்ணு பாருங்க, அதே சட்டத்துல கஞ்சான்னா பூவும் காயும் வர்ற நுனிதான், தனி இலை அதுல வராது. அதனாலதான் ராஜஸ்தான் ஜெய்சல்மேர்ல அரசாங்க அனுமதியோட, அந்த இலைய அரைச்சு செய்யுற 'பாங்' விக்கிற கடை நடக்குது. ஒரே செடி. 1893ல வெள்ளக்காரனே இதுக்குன்னு ஒரு கமிஷன் போட்டு நாடு பூரா விசாரிச்சான், அடுத்த வருஷம் வந்த அறிக்கைல அளவா எடுத்தா பெருசா கெடுதி இல்ல, முழுசா தடை பண்ண வேணாம்னுதான் சொல்லியிருக்கு.

அதனால வயசு வந்தவங்களுக்கு இத சட்டத்துக்குள்ள கொண்டு வரணும்னுதான் நான் சொல்றேன். சொன்ன ஒடனே சித்தப்பா கேட்டாரு, "டாஸ்மாக்கால அழிஞ்ச குடும்பம் போதாதாப்பா?" நியாயமான கேள்வி, எங்க தெருவுலயே மூணு வீடு அப்படி போயிருக்கு. 2003லருந்து சில்லறை கடைய அரசாங்கமே நடத்துது, வருமானம் வர வர கடைய மூட மனசு வரல. கஞ்சாவ அந்த மாதிரி விக்கவே கூடாது. ஜெர்மனில 2024 ஏப்ரல்லருந்து வீட்டுல மூணு செடி வளக்கலாம், வெளிய இருபத்தஞ்சு கிராம் வரை வெச்சிருக்கலாம், அதே வருஷம் ஜூலைலருந்து லாபம் பாக்காத சங்கத்துல மெம்பர் ஆனா அவங்க வளத்தத வாங்கிக்கலாம், ஆனா மதுக்கடை மாதிரி கடைல வியாபாரம் கெடையாது. கனடால 2018லருந்து கடை இருக்கு, ஆனா பாக்கெட்ல கவர்ச்சியா படம் போட முடியாது, டிஎச்சி, அதாவது போதை ஏத்துற பொருள், எவ்வளவுன்னு அச்சடிச்சாகணும், தின்பண்டமா வித்தா ஒரு பாக்கெட்டுக்கு அது பத்து மில்லிகிராம்தான். தாய்லாந்து 2022ல சரியா விதி போடாமலேயே தெறந்துவிட்டு, மூலைக்கு மூல கடை வந்தப்புறம் 2025ல டாக்டர் சீட்டு வேணும்னு திரும்ப இழுத்துக்கிச்சு. விதி மொதல்ல வரணும், அப்புறந்தான் மத்ததெல்லாம்.

வயசு இருபத்தொண்ணு வெக்கணும்னு சொல்வேன். பதினஞ்சு பதினாறுல தெனம் இழுக்குற பசங்களுக்கு மனநோய் வர்ற ஆபத்து கூடுது, அத மறைச்சி பேசுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. இப்ப மட்டும் என்ன, ஸ்கூல் பையன் கேட்டாலும் பொட்டலம் கெடைக்குது, அதுல என்ன கலந்திருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது.

இன்னொரு விஷயம் இந்த பேப்பர படிக்கிறப்பதான் தேடி பாத்தேன். அதே என்டிபிஎஸ் சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, சின்ன அளவு கேஸுல மாட்டுன அடிமையானவங்க தானா முன்வந்து சிகிச்சைக்கு போனா வழக்குலருந்து விலக்கு கெடைக்கும். 39ன்னு இன்னொண்ணு, கோர்ட்டே சிகிச்சைக்கு அனுப்பலாம். தம்பிக்கு இது பொருந்துமா இல்லையான்னு வக்கீல்தான் பாக்கணும், ஆனா ரெண்டரை வருஷத்துல அப்படி ஒண்ணு இருக்குன்னு கூட சித்திகிட்ட யாரும் வாயத் தெறக்கல. அந்த பேப்பர் பின்னாடியே ரெண்டு நம்பரையும் பெருசா எழுதிக் குடுத்தேன். வர்ற வியாழக்கெழம அடுத்த வாய்தா, காலைல மொத பஸ்ஸுக்கு நானும் அவங்க கூட போறேன்.