ரீல் மாற்றும் நேரத்தில் கேட்ட கேள்வி

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். கிரிக்கெட் மட்ச், ஹொஸ்டல் சாப்பாடு எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள், நான் 'தி சேர்ச்சர்ஸ்' பற்றி எழுதுகிறேன். ஜோன் போர்ட் 1956இல் எடுத்த கௌபோய் படம். எங்கள் ஆங்கில சேர் புரொஜெக்டரும் ரீலும் எங்கேயோ இரவல் வாங்கி, மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினார்.

கதை 1868இல் ரெக்சஸில் தொடங்குகிறது. கொமான்சிகள் என்ற அமெரிக்கப் பூர்வகுடியினர் ஈதனின் சகோதரன் குடும்பத்தைக் கொன்று சின்னப்பிள்ளை டெபியைத் தூக்கிக்கொண்டு போக, ஈதனாக வரும் ஜோன் வெய்ன் வருஷக்கணக்கில் தேடி அலைவார். வழியில் புதைத்திருந்த ஒரு கொமான்சியின் பிணத்தைக் கண்டதும் துவக்கை எடுத்து அதன் இரண்டு கண்ணிலும் சுடுவார். கண் இல்லாவிட்டால் அவன் ஆவியுலகத்துக்குள் போக முடியாமல் காற்றோடு அலைய வேண்டியதுதானாம். நாங்கள் விசிலடித்தோம். ரீல் மாற்ற லைட்டைப் போட்ட சேர், "சரி, இதெல்லாம் அவனுக்கு எப்படியடா தெரியும்?" என்று கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கொமான்சிகளை அவ்வளவு வெறுக்கிற ஈதன்தான் அவர்களை உள்ளும் புறமும் அறிந்தவன். தலைவன் ஸ்காரைக் கண்டதும், நீ எங்கள் பாஷையை நல்லாய்ப் பேசுகிறாயே, யார் படிப்பித்தது என்று நக்கலாகக் கேட்பான். கொஞ்ச நேரத்தில் ஸ்கார், நீயும்தான் கொமான்சி நல்லாய்ப் பேசுகிறாய், உனக்கு யார் படிப்பித்தது என்று திருப்பிக் கேட்பான். கூட அலைகிற மார்ட்டினுக்கு எட்டில் ஒரு பங்கு செரோக்கி என்ற இன்னொரு பூர்வகுடியின் இரத்தம், அதையும் ஈதன் குத்திக்காட்டாமல் விடமாட்டான். கடைசியில் டெபியைக் கண்டுபிடித்தால், அவள் கொமான்சியாகிவிட்டாள் என்று அவளையே சுடப் போகிறான்.

குறையும் உண்டு. ஸ்காராக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்காரர், மற்றக் கொமான்சிகளாக வருகிறவர்கள் வேறொரு பூர்வகுடியான நவஹோ மக்கள். அதைக்கூட விட்டுவிடலாம். இவர்கள்தான் என் சனம், நீ போ என்று மார்ட்டினிடம் சொன்ன டெபி, பிறகு அவன் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் வந்துவிடுகிறாள். ஏன் மனம் மாறினாள் என்று படம் சொல்வதே இல்லை.

கனடாவுக்கு வந்த பிறகுதான் சிந்தியா ஆன் பார்க்கரைப் பற்றி வாசித்தேன். 1836இல், ஒன்பது வயதளவில், ரெக்சஸில் கொமான்சிகள் பிடித்துப்போன பிள்ளை. அவர்களோடேயே வளர்ந்து அவர்களில் ஒருவரான பேட்டா நொகோனாவைக் கட்டி மூன்று பிள்ளை பெற்றவள். 1860இல் ரெக்சஸின் ஆயுதப் படையான ரேஞ்சர்கள் அவளைக் கைக்குழந்தையோடு 'மீட்டு' உறவுக்காரரிடம் ஒப்படைத்தார்கள். அவள் திரும்பத் திரும்பத் தப்பியோடப் பார்த்தாள். விட்டுவந்த ஆண் பிள்ளைகளைக் கடைசிவரை காணவே இல்லை. அதில் ஒருவன்தான் பிறகு பேர்போன தலைவரான குவானா பார்க்கர், தாயின் குடும்பப் பெயரோடேயே வாழ்ந்தவர்.

போர்டின் டெபிக்குப் பிள்ளை இல்லை. ஒன்று இருந்திருந்தால், அவள் மறுபேச்சில்லாமல் திரும்பி வரும் அந்த முடிவை அவரால் வைத்திருக்கவே ஏலாது.